வாடகை வீட்டு ஒயரிங்கை யார் பார்ப்பது?

ஒரு வீட்டுக்குப் புதிதாக ஈ.பி. இணைப்பு வாங்கும்போது, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒயரிங்கைச் சோதித்து டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒயரிங்கைப் பற்றி எழுத்தில் இருக்கும் முதல் தாளும் கடைசித் தாளும் அதுதான். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவர் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். மீட்டருக்கு உள்பக்கம் இருப்பது மின்வாரியத்தின் பொறுப்பில் வராது. வீடு இருபது வருஷம், முப்பது வருஷம் நிற்கிறது. குடித்தனங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறை காலியாகும்போதும் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், ஒழுகும் குழாயை மாற்றுகிறார்கள், பூட்டை மாற்றுகிறார்கள். மெயின் பெட்டியைத் திறந்து பார்ப்பது மட்டும் அந்த வேலைகளில் சேர்வதில்லை. குடித்தனம் மாறும்போதெல்லாம், ஒருவரே நீண்ட காலம் குடியிருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது, தகுதியுள்ள ஒருவர் ஒயரிங்கைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும்; அந்த அறிக்கை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாதவரை, நம்மிடம் இருக்கும் நல்ல சட்டங்களால்கூட வாடகைக்குக் குடியிருப்பவருக்குப் பெரிய பலன் இல்லை.

இப்படி ஒரு சோதனையைச் சட்டம் நினைத்தே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்து, 2023-ல் புதிதாக வெளியிட்ட பாதுகாப்பு விதிகள், இணைப்பு பெற்ற மின் அமைப்புகளைக் காலமுறையில் சோதிக்கச் சொல்கின்றன. இடைவெளி ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் மாநில அரசு அறிவிக்கும் மின்னழுத்த அளவுக்கு உட்பட்ட அமைப்புகளை மின் ஆய்வாளர் நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை, உரிமையாளரே சோதித்துச் சுயசான்று கொடுத்தால் போதும். சாதாரண வீடுகள் இந்த வகையில்தான் வருகின்றன. கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஆய்வாளரை அனுப்ப எந்த அரசிடமும் ஆள் கிடையாது என்பதால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இது ஓரளவு பொருந்தவும் செய்யும். சோதிக்காமல் விட்டால் ஷாக் அடிக்கப்போவது அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்தான். உயிர்ப்பயமே அவரை ஒருநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வைக்கும். வாடகை வீட்டில் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. சான்று தர வேண்டியவர் வேறு தெருவிலோ வேறு ஊரிலோ இருக்கிறார், ஈரக் கையோடு சுவிட்சைப் போடுகிறவர் இன்னொருவர். ஆபத்து ஒருவருக்கு, சோதிக்கும் கடமை மற்றவருக்கு என்று பிரிந்துவிட்ட இடத்தில் சுயசான்று என்பது பேச்சுக்குத்தான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து படம் பார்க்கும் சினிமா தியேட்டருக்கு மின் ஆய்வுத் துறையின் சான்று வேண்டும் என்கிறோம். பத்து வருஷம் குடியிருக்கும் போர்ஷனுக்கு எதுவும் கேட்பதில்லை.

ஒயரிங் பழுது கண்ணுக்குத் தெரிகிற பழுதாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதே இல்லை. கூரை ஒழுகினால் தெரியும், கதவு இற்றுப்போனால் தெரியும். எர்த் அறுந்துபோன வீட்டில் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், ஃபிரிட்ஜ் குளிரும். எந்தக் குறையும் தெரியாது. எர்த் ஒயரின் வேலையே வேறு. வாஷிங் மெஷினுக்குள்ளோ தண்ணீர் ஹீட்டருக்குள்ளோ ஒரு ஒயர் தேய்ந்து உலோக உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டியது எர்த். அது இல்லாவிட்டால் மின்சாரம் அந்த உடம்பிலேயே காத்திருக்கும், யாராவது தொடும்வரை. பழைய வீடுகளில் எர்த் குழி என்பது தோட்டத்து மூலையில் கரியும் உப்பும் போட்டு, நடுவில் ஒரு இரும்புக் குழாய் நட்டது. அதில் ஈரம் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். தோட்டம் இருந்த இடத்தில் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிட்டார்கள், குழாய் துருப்பிடித்துவிட்டது, பல வீடுகளில் குழி எங்கே இருந்தது என்றே இப்போதைய உரிமையாளருக்குத் தெரியாது. மூன்று துளை பிளக் பாயின்ட் சுவரில் இருக்கும், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே வந்திருக்காது. இன்னும் மோசமானது, அந்தத் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டு ஒயர் போட்டு இணைத்துவிடும் குறுக்குவழி. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், அப்படி இணைத்த பாயின்ட்டுகளில் உள்ள கருவிகளின் உடம்பில் மின்சாரம் ஏறிவிடும். சாதாரண டெஸ்டரை வைத்து லைன் துளையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரியவராது.

எம்சிபி போட்டாயிற்று, இனி என்ன பயம் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். இந்த நம்பிக்கை ஆபத்தானது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, மனிதனை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அதைத் தாண்டி மின்சாரம் போய் ஒயர் சூடாகும்போது விழும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் உடனே விழும். மனித உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடம்பு வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியரை எதிர்பார்த்து நிற்கும் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது மாதிரிதான். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தசையை இறுக்கி, பிடித்த பிடியை விட முடியாமல் செய்யப் போதும். உயிருக்கென்று இருப்பது ஆர்சிசிபி என்ற கருவி. பழக்கத்தில் இஎல்சிபி என்றும் சொல்கிறார்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இணைப்பை அறுத்துவிடும். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம். எர்த் சரியில்லாத பழைய வீட்டில்கூட இது வேலை செய்யும், அதற்காக எர்த் வேண்டாம் என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் புதிதாக இணைப்பு கேட்பவர்கள் இதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்று விநியோக விதித்தொகுப்பு திருத்தப்பட்டிருக்கிறது. நல்ல திருத்தம். ஆனால் பழைய வாடகை வீட்டுக்குள் அது வந்து சேர்ந்ததா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

இந்தக் கருவி இருக்கும் வீடுகளிலும் ஒரு கதை நடக்கும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று குடியிருப்பவர் சொல்வார். வீட்டுக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவரை அனுப்புவார். வந்தவர் பத்து நிமிடத்தில் ஆர்சிசிபியைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிட்டு, ‘இனி விழாது சார்’ என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மைதான், இனி விழாது. சுவருக்குள் எங்கோ ஈரம் இறங்கி ஒயரின் காப்பு கெட்டிருக்கிறது என்று கருவி சொன்னதை யாரும் கேட்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க மெக்கர் என்ற கருவி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு ஒயரில் 500 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்து, காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அது அளக்கும்; ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த ஒயரிங்கை நம்ப முடியாது. எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் இருக்கிறதா என்று கேட்பதே அவர் சோதிக்க வந்தவரா, பல்பு மாட்ட வந்தவரா என்பதைக் காட்டிவிடும்.

அடுத்தது சுமை. நாலு டியூப் லைட், மூன்று ஃபேன், ஒரு மிக்சி, ஒரு டிவி என்று கணக்குப் போட்டு இழுத்த ஒயரில் இன்று ஒன்றரை டன் ஏசியும் 3 கிலோவாட் ஹீட்டரும் இண்டக்ஷன் அடுப்பும் ஓடுகின்றன. 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயரிலிருந்து கிளை எடுத்து, ஆறு ஆம்பியர் பிளக்கில் மாற்றுச் செருகி வைத்து அதை ஓட்டினால், பாயின்ட் பழுப்பேறிக் கருகும். ஒயர் சுவருக்குள்ளேயே சூடாகும். ஒரே மீட்டரில் கீழே ஒரு குடித்தனம், மாடியில் இரண்டு, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஒரு பேச்சிலர் அறை என்று கிளை கிளையாக இழுத்த கட்டடங்களில் இது இன்னும் கூடும். அங்கே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று பிசகாமல் வசூலிப்பார்கள், அந்தக் கிளை ஒயரின் கனத்தை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுதோறும் 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். இதில் வயலில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவர்களும் கம்பத்தில் ஏறிய தொழிலாளர்களும் உண்டு. எல்லாம் வீட்டுக்குள் நடந்தவை அல்ல. வாடகை வீட்டில் எத்தனை என்று பிரித்துச் சொல்ல அந்தக் கணக்கில் இடமே இல்லை. பிரித்து எண்ணாததால் கொள்கை வகுப்பவர்களின் கண்ணில் இது தனிப் பிரச்சினையாகப் படாமலே போய்விடுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் அமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின் ஒயரிங்கும் அதன் பராமரிப்பும் உரிமையாளர் பங்கு. சுவிட்ச், பிளக் பாயின்ட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் பழுதுகள் குடியிருப்பவர் பங்கு. காகிதத்தில் பார்த்தால் தெளிவான பங்கீடு: சுவருக்குள் இருப்பது அவருக்கு, சுவருக்கு வெளியே தெரிவது இவருக்கு. பழுது இந்தக் கோட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. ஹால் பாயின்ட் கருகிவிட்டது என்று வையுங்கள். குடியிருப்பவர் ஹீட்டர் மாட்டியதால் கருகியதா, பாயின்ட் சரக்கு மட்டமா, அல்லது பின்னால் உள்ள ஒயர் மெல்லியதாக இருந்து சூடேறியதா? முதல் இரண்டில் ஒன்று என்றால் குடியிருப்பவர் செலவு, மூன்றாவது என்றால் உரிமையாளர் செலவு. குடிவந்த நாளில் ஒயரிங் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு அறிக்கை இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வரும் விஷயம் இது. அது இல்லாததால் யார் குரல் பெரிதோ அவர் சொல்வது நிற்கிறது. பெரும்பாலும் அட்வான்ஸ் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் குரல்தான் பெரிது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று இதே சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேலும் வாங்குகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உரிமையாளர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் என்ன வழி? வேலையைக் குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ள அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. குடியிருக்கவே தகுதியில்லாத நிலை என்றால், எழுத்தில் கேட்டும் சரிசெய்யாதபோது அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம், வாடகை அதிகாரியிடமும் போகலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் வாடகை அதிகாரி. கேள்வி கேட்ட கோபத்தில் வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்கினால் அதற்கும் வழி இருக்கிறது. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய சேவைகளை நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, உடனே திரும்பக் கொடுக்கும்படி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். இவையெல்லாம் நடக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, எழுத்தில் ஒப்பந்தமும் அதற்கான வாடகைப் பதிவு எண்ணும். பதினொரு மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, பதிவு செய்யாமலே விடும் பழக்கம் குடியிருப்பவரைத்தான் பலவீனமாக்குகிறது. இரண்டாவது, ஒயரிங் ஆபத்தானது என்பதற்கு ஆதாரம். ‘ஷாக் அடிக்கிறது’ என்று வாயால் சொல்வதை எந்த அதிகாரியும் உத்தரவாக மாற்ற முடியாது. மெக்கர் அளவும் எர்த் நிலையும் எழுதி, உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் முடியும். மறுபடியும் சோதனையிடமே வந்து நிற்கிறோம்.

வேறு நாட்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, இது ஆகிற காரியமா என்ற கேள்விக்குப் பதிலாக இருக்கும். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கான மின் பாதுகாப்பு விதிகள் 2020-ல் வந்தன. புதிய ஒப்பந்தங்களுக்கு அந்த ஆண்டு ஜூலையிலிருந்து, ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலைக் குடியிருப்பவருக்கு 28 நாளில் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடிவரும் முன்பே கொடுத்துவிட வேண்டும். குறை இருந்தால் 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதற்குள், சரிசெய்ய வேண்டும். மீறினால் உள்ளாட்சி அமைப்பு 30,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம் என்று அந்த விதிகள் தொடங்கின. அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. சோதிக்கும் வேலையும் அதன் செலவும் உரிமையாளருடையவை, அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரம் மட்டும் உள்ளாட்சி அமைப்புக்கு. நம் சுயசான்று முறைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே அந்தத் தாள் குடியிருப்பவர் கைக்குப் போகிறது. தன் உயிர் சம்பந்தப்பட்ட தாள் வரவில்லை என்றால் அவர் கேட்பார். ஆய்வாளரை விட அக்கறையுள்ள கண்காணிப்பாளர் அவர்தான்.

வாடகை ஏறிவிடும் என்பது முதலில் வரும் ஆட்சேபம். சோதனைக்கு ஆகும் செலவு, ஐந்து ஆண்டுக்கு அல்லது ஒரு குடித்தனத்துக்கு ஒருமுறை, எலக்ட்ரீஷியனின் அரைநாள் அல்லது ஒருநாள் கூலி. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆகும் செலவில் இது சிறு பங்கு. அந்தப் பெயின்ட் செலவைப் பெரும்பாலும் அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். சோதனையில் பெரிய பழுது தெரிந்தால் செலவு கூடும்தான். ஆனால் அந்தச் செலவைச் சோதனை உண்டாக்கவில்லை. சுவருக்குள் ஏற்கெனவே இருந்த கடனை அது வெளியே கொண்டுவந்தது. இதில் ஒரு நியாயமான கவலை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. கணவர் இறந்தபின் ஒரு போர்ஷன் வாடகையில் வாழும் முதியவரையும், இருபது வீடு வைத்து வாடகை வாங்குபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்த முதியவரைப் போன்றவர்களுக்காகச் செலவைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும். முழு ஒயரிங்கையும் மாற்ற வசதி இல்லாதபோது, முதலில் ஆர்சிசிபியும் புதிய எர்த்தும், பிறகு ஹீட்டர், மோட்டார் லைன்கள், மற்றவை மெதுவாக என்று வரிசைப்படுத்திச் செய்யலாம். இங்கிலாந்து அறிக்கைகளில் குறைகளைத் தரம் பிரிக்கும் முறைக்குக் காரணமும் இதுதான். இப்போதே உயிருக்கு ஆபத்து என்பது ஒரு தரம், ஆபத்தாக மாறக்கூடியது அடுத்தது, சரிசெய்தால் நல்லது என்பது மூன்றாவது. மூன்றாவது வகைக் குறை மட்டும் இருந்தால் வீடு தேர்ச்சி பெற்றதாகவே கணக்கு. எல்லாப் பழைய வீடும் இடிக்க வேண்டியது என்று சோதனை சொல்லிவிடாது.

‘குடியிருப்பவர் மட்டமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மாட்டுகிறார், இரண்டாயிரம் வாட் கெட்டிலைச் செருகுகிறார், நான் ஏன் பொறுப்பு’ என்று உரிமையாளர் கேட்பதிலும் உண்மை இருக்கிறது. கருவிகள் குடியிருப்பவருடையவை, அவற்றின் பழுதும் அவருடையது. ஆனால் எந்த பாயின்ட்டில் எவ்வளவு தாங்கும் என்று குடிவரும் நாளில் யார் சொன்னது? அறிக்கையில் அது இருந்தால், தாங்காத இடத்தில் ஹீட்டர் மாட்டியவர் தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்க உரிமையாளருக்கும் ஒரு தாள் கிடைக்கிறது. இந்தச் சோதனையை உரிமையாளருக்கு எதிரான ஏற்பாடாகப் பார்ப்பது அவசரம். ஒருவர் இறந்துவிட்டால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். தண்டனை ஐந்து ஆண்டு வரை. சோதித்தேன், சொன்னதைச் சரிசெய்தேன் என்று காட்டும் அறிக்கைதான் அப்போது உரிமையாளரைக் காக்கும். குடியிருப்பவர் உள்ளே விடமாட்டார் என்ற குறையும் நிற்காது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டுப் பழுதுபார்க்கவும் வீட்டின் நிலையைப் பார்க்கவும் வர உரிமையாளருக்கு 2017 சட்டம் உரிமை தருகிறது.

கனமான ஆட்சேபம் இன்னொன்று: நம் ஊரில் எந்தச் சான்றும் பார்க்காமலே கையெழுத்தாகிவிடும், இதுவும் ஐநூறு ரூபாய்க்கு ஒரு தாளாக முடியும். வாகனப் புகைச் சான்றைப் பார்த்தவர்கள் இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் புகைச் சான்று பொய்யானால் நட்டம் ஊருக்குப் பொதுவானது, யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஒயரிங் அறிக்கை பொய் என்றால் முதலில் ஷாக் அடிப்பது அதைக் கையில் வைத்திருப்பவருக்கே. அதுமட்டுமல்ல, இதில் எழுதியதைச் சரிபார்க்க முடியும். எந்த பாயின்ட்டிலும் எர்த் இருக்கிறதா என்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்று விளக்குச் சோதனைப் பிளக்கைச் செருகி யாரும் பார்க்கலாம். நியூட்ரலோடு முடிச்சுப் போட்டு ஏமாற்றியதை மட்டும் அது காட்டிக்கொடுக்காது. ஆர்சிசிபியில் ‘டி’ என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் கெட்டுப்போயிருக்கிறது அல்லது யாரோ தாண்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவது குடியிருப்பவர் வேலை. கையெழுத்துப் போடுபவர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றோ உரிமமோ பெற்றவராக இருந்து, அதன் எண்ணைத் தாளில் எழுதினால், பொய் எழுதும்போது அவர் உரிமமும் பணயத்தில் இருக்கும்.

வீடு காலியாக இருக்கும் அந்த நாலைந்து நாள்தான் இதற்குச் சரியான நேரம். கருவிகள் செருகப்பட்டிருக்காது, மெயினை அணைப்பதால் யாருக்கும் தொல்லை இல்லை. மெக்கர் அளவு, எர்த் மின்தடை, ஒவ்வொரு பாயின்ட்டிலும் எர்த் தொடர்ச்சி, ஆர்சிசிபி விழும் நேரம், மெயின் பெட்டியில் தளர்ந்த இணைப்புகள், எந்த லைனில் எந்த கனத்து ஒயர் என்பன அறிக்கையில் இருந்தால் போதும். பழைய பீஸ் கட்டைகளில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதை அன்றே மாற்றிவிட வேண்டும்.

வாடகைச் சட்டத்தின் வரம்புக்குள் தெளிவாக வராதவர்கள் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறார்கள். விடுதிகளில் தங்குகிறவர்களுக்குக் கட்டில் ஒன்றுதான் வாடகை. அறையில் ஆறு பேர், ஒரு பாயின்ட்டில் ஆறு சார்ஜர், வராந்தாவில் பொது ஃபிரிட்ஜ். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய தீயில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே அந்த விடுதிகளுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் மின் சோதனை அறிக்கையைக் கட்டாயமாகக் கேட்டு, அதைத் தங்கியிருப்பவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொன்னால் போதும்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. முதலில் மெயினை அணைப்பது. தாக்குண்டவரை வெறுங்கையால் இழுக்கக் கூடாது. பிறகு மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார், காவல் நிலையத்தில் புகார். மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி உயிரிழப்போ காயமோ ஏற்பட்ட மின் விபத்து மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். விசாரணைக்கும் அதில் இடமிருக்கிறது. அந்த விசாரணை முடியும்வரை கருகிய பாயின்ட்டையோ ஒயரையோ யாரும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இழப்பீடு கேட்கும்போது அதுதான் சாட்சி.

அரசு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம்: ‘மேற்படி வீட்டின் மின் ஒயரிங், எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்றவரைக் கொண்டு சோதித்த அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தப்பட்டுள்ளது. அறிக்கையில் ஆபத்து என்று குறித்த குறைகளை உரிமையாளர் இத்தனை நாளுக்குள் சரிசெய்து தருவார். அறிக்கையில் சொன்ன அளவுக்கு மேற்பட்ட கருவியை எந்த பாயின்ட்டிலும் வாடகைதாரர் பயன்படுத்த மாட்டார்.’ நாட்களின் எண்ணிக்கையை இருவரும் பேசி நிரப்பிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், குடிபோகும் அன்றே மெயின் பெட்டியையும் ஒவ்வொரு பாயின்ட்டையும் படம் எடுத்து, எர்த் வராத இடங்களைக் குறித்து, அவருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி வைக்கலாம். எழுத்தில் கேட்டதற்கான அத்தாட்சி அது, வாடகை அதிகாரி முன்னால் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாளும் அதுவே.